உயர்திறன் கணிமை (சூப்பர் கம்ப்யூட்டர்) பேப்பர், இரண்டாவது தடவையில்: மானிடப் புவியியல் மாணவர்களுக்கு

நேற்று ரிசல்ட் வந்தது. தேறிவிட்டேன். போன தடவை இதே பேப்பரில் அரியர் விழுந்தவள் என்பதால் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

அப்போது செய்த தப்பு ஒன்றுதான்: எண்ணிப் பார்க்காமல் எழுதினேன். "தரவு பெரியது, அதனால் சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும்" என்று மூன்று பக்கம் நிரப்பினேன். எவ்வளவு பெரியது என்று ஒரு வரிகூட இல்லை.

இந்தத் தடவை இடஞ்சார் இடைவினை மாதிரி பற்றிய கேள்வி வந்தது; எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எத்தனை பேர் போவார்கள் என்று கணிக்கும் மாடல் அது. புவியியலாளர்கள் ஓப்பன்ஷாவும் டர்ட்டனும் எடுத்துக்கொண்ட வேலைப் பயணத் தரவிலிருந்து ஆரம்பித்தேன். 1991 பிரிட்டன் கணக்கெடுப்பு, 10,764 வார்டுகள். எந்த வார்டிலிருந்தும் எந்த வார்டுக்கும் போகலாம் என்றால் 11 கோடியே 58 லட்சம் கட்டங்கள். கட்டத்துக்கு 8 பைட் வைத்தால் ஒரே ஓர் அணிக்கு (மேட்ரிக்ஸுக்கு) சுமார் 927 மெகாபைட். பீட்டாவை (தூரம் கூடக் கூடப் பயணம் எவ்வளவு குறைகிறது என்று சொல்லும் எண்) மாற்றி மாற்றி இதைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். எடின்பரோவின் கிரே டி3டி சூப்பர் கம்ப்யூட்டர் எதற்கு என்று அதற்குமேல் நான் வாதாடவே இல்லை.

அடுத்து, எப்படிப் பங்கு போடுவது? மார்க் இங்கேதான் இருக்கிறது. ஓரத்தில் நாலுக்கு நாலு கட்டம் போட்டு, புறப்படும் வார்டுகளை வரிசை வரிசையாகச் செயலிகளுக்கு (பிராசசர்களுக்கு) கொடுத்தேன். புறப்படும் இடத்துக்கு மட்டும் கட்டுப்பாடு (அங்கிருந்து கிளம்புவோரின் மொத்தம் மாறக்கூடாது) என்றால் ஒரு வரிசை இன்னொன்றுக்காகக் காத்திருக்காது. சேரும் இடத்துக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் நெடுவரிசைக் கூட்டுத்தொகை எல்லாச் செயலிகளிடமிருந்தும் வந்து சேர வேண்டும். காத்திருப்பு அங்கே தொடங்குகிறது. இந்த வித்தியாசத்தை எழுதாத விடை பாதி விடைதான்.

மற்றவை:

- செயலிகளைச் சேர்ப்பதால் வேகம் எவ்வளவு கூடும் என்பதற்கு வரம்பு சொல்லும் ஆம்டால் விதியை எண்ணோடு எழுதுங்கள். 10 சதவீதம் பங்கு போட முடியாத வேலை என்றால், எத்தனை செயலி சேர்த்தாலும் வேகம் 10 மடங்கைத் தாண்டாது.
- வரைபடத்தைச் சம பரப்பாக வெட்டாதீர்கள். மாநகரம் விழுந்த செயலி திணறும், வயல்வெளி விழுந்தது சும்மா நிற்கும்.
- பரப்பலகுச் சிக்கலுக்கு (பகுதிகளின் எல்லையை மாற்றிப் போட்டால் முடிவே மாறிவிடுவது) ஓப்பன்ஷா–டெய்லர், 1979. அயோவாவின் 99 கவுண்டிகளை வேறு வேறு விதமாகச் சேர்த்தபோது, முதியோர் விகிதத்துக்கும் குடியரசுக் கட்சி வாக்குக்கும் உள்ள ஒட்டுறவு (கோரிலேஷன்) ஏறக்குறைய -1 முதல் +1 வரை ஆடியது. அத்தனை சேர்க்கைகளையும் கையால் தேட முடியுமா? கணினி தேவைப்படுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.
- 1987-இன் புவியியல் பகுப்பாய்வு இயந்திரம் (வரைபடமெங்கும் வட்டங்கள் போட்டு நோய் எங்கே குவிந்திருக்கிறது என்று தேடும் முறை): வட்டங்கள் ஒன்றையொன்று சாராமல் ஓடும் என்பதையும், ஒன்றன்மேல் ஒன்று படிவதால் வரும் புள்ளியியல் சிக்கலையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வன்பொருள் வரலாற்றை நான் தொடவே இல்லை. கணக்குப் போடப் பிடிக்காதவர்களுக்கு என் வழி ஒத்துவராமல் போகலாம்.

கடைசிப் பத்து நிமிஷத்தைக் காலியாக வையுங்கள். 927 என்பதை 92.7 என்று எழுதியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.