தோசைக்கல்லுக்கு நேர்ந்த பீட்சா

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி ஒரு வளைகாப்புக்காக ஊருக்குப் போயிருந்த சமயத்தில், மாலை ஐந்து மணிக்கு என் மகளும் அக்காவின் ஆறு வயது மகனும் கூடிப் பேசி, இரவுக்கு பீட்சாதான் வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். கடையிலிருந்து வரவழைத்திருக்கலாம். ஆனால் இரண்டு நாட்களுக்கு முன்புதான் பீட்சாக் கடைகளின் விலையைப் பற்றி நான் வீட்டாருக்கு ஒரு நீண்ட சொற்பொழிவு ஆற்றி, “இதை வீட்டிலேயே இருபது நிமிடத்தில் செய்துவிடலாம்” என்று அதை முடித்தும் வைத்திருந்தேன். அந்தக் கடைசி வரியை மட்டும் மகள் மறக்காமல் வைத்திருந்தாள்.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. ஈஸ்ட்டும் கிடையாது, இருந்திருந்தாலும் அது மாவைப் பொங்க வைக்க ஒரு மணி நேரமாவது கேட்கும், குழந்தைகளோ பத்து நிமிடம் கூடத் தருவதாக இல்லை. எனவே ஒன்றரைக் கோப்பை மைதாவில் ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சிறிது உப்பும் கலந்து, கெட்டித் தயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் மூடி வைத்தேன். ஈஸ்ட் ஆற அமரச் செய்யும் வேலையை, ஈரம் பட்டவுடனும் பிறகு சூடு பட்டவுடனும் வாயுவைக் கிளப்பிவிடும் பேக்கிங் பவுடர் அவசரமாகச் செய்து முடிக்கிறது. தயிரின் புளிப்பு மாவை மிருதுவாக்குவதோடு, புளித்த மாவின் சுவையைக் கொஞ்சம் பொய்யாகவாவது தருகிறது. மாவைத் தேய்த்து, டபராவைக் கவிழ்த்து வெட்டியதில் உள்ளங்கை அளவில் பன்னிரண்டு வட்டங்கள் கிடைத்தன. அதுவரை எல்லாம் சொற்பொழிவில் சொன்னபடியே நடந்தது.

முதல் ஈட்டுக்கு மூன்று வட்டங்களை ஃப்ரையிங் பேனில் பரப்பி, பச்சை மாவின் மேலேயே சாஸைத் தடவி, குடைமிளகாய், வெங்காயம், துருவிய மொசரெல்லா ஆகியவற்றை அடுக்கி அடுப்பைப் பற்றவைத்தேன். பீட்சாவின் தாயகமான நேப்பிள்ஸில், 400 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட சூடுள்ள விறகடுப்பில் ஒரு பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடுகிறது. அந்தக் கலைக்கு 2017-இல் யுனெஸ்கோ அங்கீகாரமே கிடைத்திருக்கிறது. இவ்வளவும் அறிந்திருந்த நான், அந்த அடுப்பின் வளைந்த கூரையும் சேர்ந்துதான் மேலிருந்து சூட்டைப் பொழிகிறது என்பதையும், என் அடுப்புக்கு அடிப்பக்கம் மட்டுமே உண்டு என்பதையும் சிந்திக்கத் தவறினேன். ஐந்து நிமிடத்தில் அடிப்பக்கம் கருகியது. நடுவில் மாவு மாவாகவே இருந்தது. சீஸ் எதற்கும் கலங்காமல், துருவிய கோலத்திலேயே படுத்திருந்தது. மருமகன் ஒன்றைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “மாமா, இது எந்தப் பக்கம் சாப்பிடணும்?” என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டான்.

இரண்டாம் ஈட்டில் புத்தி வந்தது. வட்டங்களை முதலில் வெறுமனே போட்டு, ஒரு பக்கம் பொன்னிறமானதும் திருப்பி, வெந்த பக்கத்தின் மேல் சாஸையும் மற்றவற்றையும் வைத்து, அடுப்பை சிம்மில் குறைத்து மூடிவிட வேண்டும். உள்ளே தேங்கும் ஆவிதான் சீஸை உருக்குகிறது. இதற்கு வேண்டிய மூடி ஃப்ரையிங் பேனுக்கு இல்லாததால் இட்லிக் கொப்பரையின் மூடியைக் கவிழ்த்தேன். அதில் திரண்ட நீர் சொட்டி பீட்சாவை நனைக்கப் பார்த்ததால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைக்க வேண்டியிருந்தது. மேலே தூவுவதற்கு ஆரிகானோ தேடி நான் அலையவில்லை. கடை பீட்சாவோடு வரும் சிறு பொட்டலங்கள் எல்லார் வீட்டையும் போல எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவிலும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிடந்தன. என் மனைவி அவற்றை ஏன் எறியாமல் வைத்திருக்கிறாள் என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தவன் நான்தான்.

அந்த ஈட்டு நன்றாக வந்தது. மிக நன்றாக வந்தது என்பதுதான் சிக்கலாயிற்று, ஏனென்றால் மூன்று பீட்சாக்கள் தட்டில் விழுந்த வேகத்திலேயே மறைந்தன, அடுத்த மூன்றுக்கு எட்டு நிமிடம் ஆகும் என்ற கணக்கை இரண்டு குழந்தைகளும் ஏற்க மறுத்தார்கள். பக்கத்து பர்னர் சும்மா இருந்தது. அதற்கு மேலே ஆணியில் அம்மாவின் இரும்புத் தோசைக்கல் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா திருமணமாகி வந்தபோது கூடவே வந்த கல் அது. அதில் தோசையைத் தவிர வேறெதுவும் போடக்கூடாது. சப்பாத்திக்குத் தனிக் கல் உண்டு. சப்பாத்தி போட்ட கல்லில் தோசை எழும்பாது என்பது தமிழ்நாட்டுச் சமையலறைகளில் எழுதப்படாத சட்டம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் சூடேறி இரும்பின் மேல் படிந்த மெல்லிய கரும்பூச்சுதான் தோசையை ஒட்டாமல் எழுப்பிவிடுகிறது. வறட்டு மாவும், அதைவிடத் தக்காளியின் புளிப்பும் அந்தப் பூச்சுக்கு ஆகாதவை. நான் இதையெல்லாம் அறியாதவன் அல்லேன். ஆனால் அம்மா கூடத்தில் தொடரின் முக்கியமான கட்டத்தில் இருந்தார், கல்லோ ஆறு பீட்சாக்களை ஒரே சமயத்தில் தாங்கும் அகலம் உடையது.

ஆறையும் போட்டேன். சாஸ் தீர்ந்துபோனதால் அம்மாவின் தக்காளித் தொக்கைத் தடவினேன். சீஸைத் தாராளமாக வைத்ததில் அது ஓரங்களில் வழிந்து கல்லில் பரவி, முறுகி, பழுப்புச் சரிகை போல ஒட்டிக்கொண்டது. அந்த முறுகலைத் தோசைத்திருப்பியால் சுரண்டியெடுத்துப் பங்கிடுவதில் குழந்தைகளுக்குள் மூண்ட சண்டையைப் பார்த்தபோது, பீட்சாவே இல்லாமல் வெறும் சீஸை மட்டும் போட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும் என்று தோன்றியது.

தொடர் முடிந்து வந்த அம்மாவுக்கு ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். ஊத்தப்பம் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்து, அதற்குத் தக்க ஒரு பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு கடி கடித்து, நிதானமாக மென்று, “ஏன்டா, தொக்குல வெந்தயம் போன தடவை கொஞ்சம் தூக்கலா ஆயிடுச்சு இல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு, இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போனார். தொக்கு பிடிபட்டது, கல் இன்னும் பிடிபடவில்லை.

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஒட்டிய சீஸின் தடயத்தை அழிப்பதற்காக, இரவு எல்லாரும் உறங்கியபின் கல்லைத் தொட்டியில் போட்டு, கம்பி நாரும் சோப்பும் கொண்டு கால் மணி நேரம் தேய்த்தேன். சீஸ் போயிற்று. அதோடு நாற்பது ஆண்டுக் கருமையும் பாதி போயிற்று. கல் புதிய பத்து ரூபாய் நாணயம் போல நடுவில் வெளுத்துப் பளபளத்தது. அதை அப்படியே ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை சமையலறையிலிருந்து குரல் எதுவும் வராததுதான் எனக்குக் கலக்கத்தைத் தந்தது. போய்ப் பார்த்தபோது, அம்மா பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, நல்லெண்ணெயில் தோய்த்து, கல்லைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். நோயாளியின் நெற்றியில் தைலம் தடவுகிறவர் முகத்தில் காணும் அமைதி அவர் முகத்தில் இருந்தது. முதல் தோசை கல்லைவிட்டு வர மறுத்தது. இரண்டாவது துண்டு துண்டாக வந்தது. மூன்றாவதை உப்புமா என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றும் என் தட்டில் வந்து விழுந்தன. அதைப் பற்றி இரு தரப்பிலும் விவாதம் நடக்கவில்லை. கல் மறுபடி பழகி, தோசை வழக்கம்போல ஓரம் பெயர்ந்து தானே எழும்ப வியாழக்கிழமை ஆயிற்று.

அடுத்த ஞாயிறு குழந்தைகள் மீண்டும் பீட்சா கேட்டார்கள். ஆணி காலியாக இருந்தது. ஃப்ரையிங் பேனிலேயே மும்மூன்றாகச் சுட்டு, ஒன்றரை மணி நேரத்தில் எல்லாருடைய பசியையும் ஒருவாறு தணித்தேன். பிறகு ஒரு நாள், அரிசி எடுக்கப் போனபோது, டிரம்முக்குப் பின்னால் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்த தோசைக்கல்லைப் பார்த்தேன். அதன் பக்கத்திலேயே தக்காளித் தொக்குப் பாட்டிலும் இருந்தது.