டேஜியோன் கணினிக் கூடமும் மதுரைக் கைப்பேசியும்

தென்கொரியாவின் ஆய்வகங்களில் வேலை செய்யும் தமிழர்கள் இன்று கணிசமான அளவில் இருக்கிறார்கள். ஆய்வுப் பணிக்காக டேஜியோன் நகரின் யூசொங் பகுதியில் குடியேறுவதற்கு முன்பு, உணவையும் மொழியையும் குளிரையும் பற்றி எல்லோரும் எனக்கு எச்சரிக்கை சொல்லி அனுப்பினார்கள். ஆய்வகத்து மாலைப் பொழுதுகளைப் பற்றி எவரும் சொல்லவில்லை. பேராசிரியரோடு அனைவரும் கூடி உண்ணும் விருந்து முடிந்து, மூத்தவர்கள் விடைபெற்றுப் போனதும், இளையவர்கள் நேராகச் செல்லும் இடம் ‘பிசி பாங்’ என்னும் கணினிக் கூடம். எனக்குக் கொரிய மொழி ஓரளவு வந்ததும், உடன் பணிபுரிவோர் என்னைத் தம்மவராக எண்ணத் தொடங்கியதும் அந்தக் கூடத்தில்தான்.

மணிக்கணக்கில் பணம் செலுத்தி அமரும் அந்த இடத்தில் பெரிய திரைகளும் விலை உயர்ந்த கணினிகளும் வரிசையாக இருக்கும். ராம்யோன் நூடுல்ஸோ வறுத்த சோறோ வேண்டுமென்றால், எழுந்து போக வேண்டியதில்லை. திரையிலேயே கேட்டால் இருக்கைக்கு வந்துவிடும். என் நண்பர்கள் ஐவராக அமர்ந்து ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ என்னும் அணிப் போட்டி ஆட்டத்தை ஆடுவார்கள். மதுரையில் பள்ளி நாள்களில் நான் பார்த்த ப்ரவுசிங் சென்டரோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அங்கே எங்கள் தலைமுறை ஆடியது ‘ஐஜிஐ’. நார்வே நாட்டு நிறுவனமொன்று உருவாக்கி 2000இல் வெளிவந்த அந்தத் துப்பாக்கி ஆட்டத்தை மற்ற நாடுகளில் பலர் மறந்துவிட்டார்கள். நம் ஊரிலோ அதை ஆடாத கணினி மையம் அரிது. எதிரெதிரே அமர்ந்து பலர் ஆடும் வசதியே அந்த ஆட்டத்தில் இல்லை. இணைய வேகமோ மூல உரிமமோ எட்டாத ஊரில், நகலெடுத்த ஒரு குறுந்தகட்டோடு தனியாக ஓடக்கூடிய ஆட்டம்தான் நிலைத்தது.

கொரியர்கள் இயல்பிலேயே போட்டி மனம் கொண்டவர்கள், ஆகையால் போட்டி ஆட்டங்களை விரும்புகிறார்கள் என்று நம்மவர்கள் பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. 1997 இறுதியில் கொரியப் பொருளாதாரம் நிலைகுலைந்து, பன்னாட்டு நிதியத்திடம் கடன் பெற வேண்டி வந்தது. பெரிய நிறுவனங்களில் வேலையிழந்தவர்களில் பலர், கையிலிருந்த பணத்தைக் கொண்டு கணினிக் கூடங்களைத் திறந்தார்கள். அதே காலத்தில் அரசு அதிவேக இணையத்தை நாடெங்கும் கொண்டு சென்றது. ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்னும் கணினிப் போர் ஆட்டம் வெளிவந்தது சரியாக 1998 மார்ச் மாதத்தில். வேலை தேடி அலைந்த இளைஞருக்குக் குறைந்த செலவில் நண்பர்களோடு பொழுதைக் கழிக்க ஓர் இடம் தேவைப்பட்டது; அந்த இடத்துக்கு அருகருகே இருந்து மோதக்கூடிய ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் விளையாட்டாக வளர்ந்தது. 2004இல் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு 1,00,000 பேர் திரண்டதாக அன்றைய செய்திகள் கூறின.

இதற்கு நேர்மாறான வரலாறு கடலுக்கு அப்பால் ஜப்பானில் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்துக்குச் சில காலம் வந்திருந்த ஜப்பானிய நண்பர் ஒருவர் பிசி பாங்குக்கு எங்களோடு வருவார், ஆனால் மனம் ஒன்றி ஆடியதில்லை. அவர் வளர்ந்தது வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு இணைத்த கருவியில், 1986இல் தொடங்கிய ‘டிராகன் குவெஸ்ட்’ வரிசையின் கதைகளோடு. ஒரு பாத்திரத்தைப் பல வாரங்கள் பொறுமையாக வளர்த்து, ஊர் ஊராக அழைத்துச் செல்வதே அவருக்கு விளையாட்டு. அத்தகைய கருவிகள் கொரிய வீடுகளில் ஏன் வேரூன்றவில்லை என்று நான் கேட்டபோது, ஆய்வகத்து மூத்தவர் ஒருவர் காலனிய வரலாற்றிலிருந்து தொடங்கினார். ஜப்பானின் ஆட்சிக் கொடுமைகளை மறவாத கொரியா, அந்நாட்டுப் பண்பாட்டுப் பொருள்களுக்கு 1998 வரை கதவடைத்தே வைத்திருந்தது, திறந்ததும் படிப்படியாகத்தான். நிண்டெண்டோவின் கருவியை ஹ்யூண்டாய் நிறுவனம் ‘காம்பாய்’ என்ற பெயரில் விற்றதுண்டு என்றாலும், சோனியின் ப்ளேஸ்டேஷன் 2 கருவி முறைப்படி கொரியாவுக்கு வந்தது, ஜப்பானில் வெளியாகி ஏறத்தாழ ஈராண்டு கழித்து, 2002இல். அதற்குள் இளைஞர்களின் மாலைப் பொழுதைக் கணினிக் கூடங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

கொரியாவுக்குள்ளேயே வயதுக்கு வயது விருப்பம் மாறுவதையும் கண்டேன். கருவிகளைப் பராமரிக்கும் நடுவயதுத் தொழில்நுட்பர் இன்னும் ‘லினியேஜ்’ ஆட்டத்தையே பேசுவார். 1998இல் வந்த அந்த ஆட்டத்தில் குழுக்கள் சேர்ந்து கோட்டையை முற்றுகையிடும். கோட்டையைப் பிடித்த குழு வரி வசூலிக்கும். குழுத் தலைவருக்குக் கட்டுப்படுவது கடமை. இளையவர்களின் ஐவர் அணியிலோ, அலுவலகத்தில் மூத்தவரை நிமிர்ந்து பார்த்துப் பேசத் தயங்கும் மாணவர், அரை மணி நேர ஆட்டத்துக்குள் அவருக்கே கட்டளையிடுவார். அவரும் கேட்டு நடப்பார். வயதும் பதவியும் ஒவ்வொரு வினைச்சொல்லின் ஈற்றிலும் தெரியும் ஒரு மொழியில், இந்த விடுதலை எத்தனை பெரியது என்பது வெளியிலிருந்து வந்த எனக்குத் துலக்கமாகத் தெரிந்தது. பள்ளி முடிந்து தனிப்பயிற்சி வகுப்பு தொடங்கும்வரை கிடைக்கும் சிறு இடைவெளியில் ஓர் ஆட்டம் முழுதாக முடிந்துவிடும் என்பதும், மாணவர்கள் அதை விரும்புவதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கைப்பேசி ஆட்டங்கள் வேறு உறவுகளைச் சார்ந்தவை. 2012இல் ‘அனிபாங்’ என்ற புதிர் ஆட்டம் பரவியதற்குக் காரணம், ஆடுவதற்குத் தேவையான இதயக் குறிகளைக் ககாவோடாக் என்னும் செய்திப் பரிமாற்றச் செயலியில் அத்தைக்கும் மேலாளருக்கும் அனுப்ப முடிந்ததுதான்.

கைப்பேசி என்றதும் என் தம்பிதான் நினைவுக்கு வருகிறான். “அண்ணே, அதான் கையிலேயே போன் இருக்கே, விளையாட எதுக்குக் கடைக்குப் போறீங்க?” என்று அவன் கேட்டபோது, இரு நாடுகளின் வேறுபாடு முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது. 2016இல் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கிய பிறகு, நம் ஊர் இளைஞர்களுக்குக் கணினி என்ற படியே தேவைப்படாமல் போனது. பப்ஜி பிறந்தது கொரியாவில். 2017இல் இங்குள்ள கணினிக் கூடங்களில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸையே அது சில காலம் முந்தியது. சீனாவின் டென்சென்ட் நிறுவனம் உருவாக்கிய அதன் கைப்பேசி வடிவம்தான் தமிழ்நாட்டின் தெருக்களை எட்டியது. 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதைத் தடை செய்தபோது, தம்பி வருந்தியது துப்பாக்கிச் சண்டைக்காக அன்று. கோவையிலும் பெங்களூருவிலும் வேலைக்குச் சிதறிப்போன பள்ளி நண்பர்கள் இரவு பத்து மணிக்கு ஒருவர் குரலை ஒருவர் கேட்கும் வழி அடைபட்டதற்காகவே வருந்தினான். ராம்யோன் கிண்ணத்தோடு தோளுரச அமரும் என் கொரிய நண்பர்களும் அவனும் தேடுவது ஒன்றையே. கிடைத்த கருவிக்கேற்ப ஆட்டத்தின் வகை மாறியிருக்கிறது.

2023 செப்டம்பர் 29, கொரியர்களின் சூசொக் திருநாள். அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் தங்கத்தைக் கொரியா வென்றது; அதனால் வீரர்களுக்குக் கட்டாய ராணுவப் பணியிலிருந்து விலக்கும் கிடைத்தது. அதே நாடுதான் 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய ஆட்டங்களில் நுழையக் கூடாது என்று 2011இல் சட்டமியற்றி, பத்தாண்டுகள் கழித்து அதைக் கைவிட்டது. இங்கே பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர்கள் பிசி பாங் என்றாலே அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் எனக்கும் புரிகிறது. ஆனாலும், வகுப்புத் தோழர்கள் எல்லோரும் போகும் இடத்துக்குத் தன் மகனை மட்டும் அனுப்பாமல் வைத்திருந்த நண்பர் ஒருவரிடம், ஒரு சனிக்கிழமை மாலை நீங்களும் அவனோடு போய் அருகில் உட்காருங்கள், அவன் என்ன ஆடுகிறான் என்பதைவிட யாரோடு ஆடுகிறான் என்று பாருங்கள் என்று சொன்னேன். அவர் போனார், இப்போது அந்தச் சிறுவர்களில் இருவர் அவர் வீட்டுக்குத் தோசை சாப்பிட வருகிறார்கள்.