ஆம்ப்ளிஃபயரை இணைக்கும் முன்

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிய பிறகே ஸ்பீக்கர் கம்பிகளைத் தொடுவேன். ஏனெனில், பிரிந்த ஒரு செம்பு இழை பக்கத்து முனையில் பட்டால்கூட ஸ்பீக்கருக்கு மின்சாரத்தை அனுப்பும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரிந்துபோகக்கூடும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே முனையில் இணையாகப் பூட்டினால் ஆம்ப்ளிஃபயர் சந்திக்கும் மின்தடை 4 ஓமாகக் குறைந்து, அதே ஒலி அளவில் மின்னோட்டம் இருமடங்காகிவிடும் என்பதால், கருவி அதைத் தாங்குமா என்று கையேட்டில் முதலில் பார்க்க வேண்டும். காற்றுத் துளைகளின்மீது அழகுக்காகத் துணி விரிப்பதை நான் அனுமதிப்பதே இல்லை. ஃப்யூஸ் போனால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடுவேன். மறுபடியும் போனால் பழுது உள்ளே இருக்கிறது என்று பொருள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் பெரிய மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், தூசு தட்டுவதற்காகக்கூட மூடியைத் திறக்காமல், பழுதுபார்ப்பவரிடமே கொண்டுசெல்கிறேன்.