மொய் நோட்டும் மினிமம் டியூவும்

ஜூன் 9, 2024, ஞாயிறு

பாப்பாவுக்கு இன்னைக்கு 27-ஆவது நாள். ராத்திரி ரெண்டு மணிக்கு அவள தோள்ல போட்டுகிட்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடக்கறப்பவே மனசுல கணக்கு ஓடிட்டு இருக்கு. ஆஸ்பத்திரில 68,000, ஆபரேஷன் ஆகும்னு நெனைக்கவே இல்ல, பனிக்கொடத்துல தண்ணி கம்மியா இருக்குன்னு அன்னைக்கு ராத்திரியே சேத்துட்டாங்க. அதுக்குத்தான் என் வீட்டுக்காரியோட செயினையும் ரெண்டு வளையலையும் பேங்க்ல வெச்சு 85,000 வாங்குனது. அப்பறம் ஃப்ரெண்டுகிட்ட கைமாத்து 20,000. இது ரெண்டும் வீட்டுக்குத் தெரியும்.

தெரியாதது கிரெடிட் கார்டு. அதுல 42,000 நிக்குது. எதுக்குன்னு இங்க மட்டும் எழுதி வெச்சுக்கறேன். தள்ளுவண்டி ஒண்ணு, திருப்பூர்ல எங்க தெரு இருக்கற லட்சணத்துக்கு பத்தடி கூட உருளல, இப்ப அதுல துணி காயுது. பாப்பாவ கூடைல படுக்க வெச்சு கம்பளி குல்லா மாட்டி ஃபோட்டோ ஷூட், அது 12,000, மே மாச வெயில்ல கம்பளி குல்லா. மிச்சம் ஆன்லைன்ல ராத்திரி தூக்கம் வராம போட்ட ஆர்டருங்க. ஆஸ்பத்திரி கடன் கூட பரவால்ல, அது தானா வந்தது. இது நானா தேடிப் போயி வாங்குனது.

ஜூன் 26, புதன்

ஆறு வார ஊசி. பிரைவேட்ல விசாரிச்சா வலி இல்லாத ஊசி, எல்லாம் சேத்து எட்டாயிரம் வரும்னாங்க. நான் சரின்னு தலையாட்டப் போனேன், எப்படியும் கார்டு இருக்கேன்னு. அவதான் "ஏனுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல புதன்கிழம புதன்கிழம சும்மாவே போடறாங்க, எங்கக்கா பசங்க ரெண்டு பேருக்கும் அங்கதான் போட்டாங்க"ன்னு கூட்டிட்டுப் போனா. அஞ்சு நோய்க்கு சேத்து போடற பெண்டா ஊசி, நிமோனியாவுக்கு ஒண்ணு, போலியோவுக்கு ஊசி ஒண்ணு சொட்டு மருந்து ஒண்ணு, வயித்துப்போக்குக்கு ரோட்டா, எல்லாமே ஒத்த பைசா இல்லாம. ஒண்ற மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்தோம், அவ்வளவுதான். நர்ஸம்மா காய்ச்சல் வந்தா கால் மாத்திரைன்னு ஒடச்சுக் காட்டி குடுத்தனுப்புனாங்க. ராத்திரி காய்ச்சல் வந்துச்சு, விடிய விடிய அழுதா. வலி இல்லாததுலயும் கொஞ்சம் அழுதிருப்பாதான, அப்படின்னு சொல்லிகிட்டேன், ஆனா மனசு கேக்கல.

ஜூலை 5, வெள்ளி

கார்டுக்கு மினிமம் டியூ, அதான் பில்லுல கொறஞ்சது இவ்ளோ கட்டியே ஆகணும்ங்கறது, 2,100 கட்டியாச்சு. மூணாவது தடவ.

ஜூலை 24, புதன்

நேத்து பட்ஜெட்ல தங்கத்துக்கு இறக்குமதி வரிய 15 சதவீதத்துல இருந்து 6 ஆக்கிட்டாங்க, ஒரே நாள்ல சவரனுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல எறங்கிருச்சு. கம்பெனில எல்லாரும் எந்தக் கடைக்குப் போலாம்னு பேசிட்டு இருக்காங்க, அடகு வெச்சவன் ஒருத்தனுக்கு மட்டும் வயித்தக் கலக்குது.

அதெல்லாம் பகல்ல. இன்னைக்கு பத்து வார ஊசி போட்டுட்டு வந்து, பாப்பா ஃபோட்டோ அவ அம்மாவுக்கு அனுப்பறதுக்கு அவ என் ஃபோன எடுத்தா, மேல கார்டு பில் மெசேஜ் வந்து நிக்குது. கத்தல. கத்தியிருந்தா நல்லாருந்திருக்கும். பாப்பா தொட்டில ஆட்டிகிட்டே "இதுக்கு மாசம் எவ்ளோ வட்டி"ன்னு மட்டும் கேட்டா. எனக்குத் தெரியல. மாசா மாசம் கட்டறேன், தெரியல.

ரெண்டு பேரும் உக்காந்து பில்ல தொறந்து பாத்தோம். மாசம் மூணரை சதவீதம், அதாவது வருஷத்துக்கு 42. நாப்பத்திரெண்டாயிரத்துக்கு 1,470, அந்த வட்டி மேல ஜிஎஸ்டி 18 சதவீதம் அது ஒரு 265, ஆக 1,735. நான் கட்டற 2,100-ல அசல்ல கழியறது 365 ரூபா. அவ ஊசி அட்டை பின்னாடி பென்சில்ல போட்ட கணக்கு இது. "ஊர்ல ரெண்டு வட்டிக்கு விடறவன திட்டுவீங்க, இது மூணரை வட்டிங்க"ன்னா. வாயத் தொறக்க முடியல.

கொஞ்ச நேரம் கழிச்சு அவளே சொன்னா, பேங்க்ல இருக்கற நகைக்கு இன்னும் கூட குடுப்பாங்கல்ல, அது வருஷத்துக்கு ஒம்பதரைதான, அத வாங்கி இத அடைங்க. அவ நகை. அவளே சொல்றா.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. எங்கம்மா காலைலயே, "ஊரே இன்னைக்கு குண்டுமணி தங்கமாச்சும் வாங்குது, நீ நகை மேல இன்னும் கடன் வாங்கப் போறியா சாமி"ன்னு. நல்ல நாள் பாத்தா போகல, சனிக்கிழமதான் எனக்கு பர்மிஷன் கெடச்சுது.

பேங்க்ல நகைக்கு மதிப்பு போடற அப்ரைசர் பொட்டலத்தப் பிரிச்சு வளையல மறுபடி தராசுல வெச்சாரு. மூணரைப் பவுன்னு நாங்க சொல்றது, கல்லு அரக்கெல்லாம் கழிச்சா கொறையுது, அதுல மதிப்புல முக்காவாசிதான் கடன். ஏற்கெனவே வாங்குனது போக 40,000 தரலாம்னாரு. செயின்ல அவளோட ஒரு முடி மாட்டியிருந்துச்சு, அதோடவே திரும்ப கவர்ல போட்டு ஒட்டிட்டாரு, ஏனோ அதையே பாத்துட்டு நின்னேன்.

இப்ப நகைக்கடன் 1,25,000, மாசம் வட்டி 990 கிட்ட. கார்டு பாக்கிய அந்த 40,000-ஓட கையில இருந்ததயும் போட்டு முழுசா அடைச்சாச்சு. அவ பால் பாக்கெட் வெட்டற கத்திரிய எடுத்துட்டு வந்து கார்ட நாலா நறுக்கிட்டா. நம்பர் ஆப்ல சேவ் ஆகி இருக்கறது ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு, எந்திரிச்சு போயி ஒவ்வொண்ணா அழிச்சேன்.

செப்டம்பர் 11, புதன்

போஸ்ட் ஆபீஸ்ல செல்வமகள் கணக்கு. 8.2 சதவீதம் வட்டி, 15 வருஷம் கட்டணும், 21 வருஷத்துல முதிர்வு. என் கணக்குப்படி 9.5-க்கு கடன வெச்சுகிட்டு 8.2-க்கு சேமிக்கறது வேலைக்காகாது. சொன்னேன். "250 ரூபாதாங்க, அவ பேர்ல கடன் இல்லாம ஒண்ணு இருக்கட்டும்"ன்னா. பாஸ்புக்ல பாப்பா பேர பிரிண்ட்ல பாத்ததும் நானும் ஒண்ணும் பேசல.

அக்டோபர் 27, ஞாயிறு

ஈஎஸ்ஐ-ல பிரசவ லீவு 26 வாரம் முடிஞ்சு போன திங்கள்ல இருந்து அவ மறுபடி செக்கிங் செக்‌ஷனுக்குப் போறா. பாப்பா கம்பெனியோட கொழந்தைங்க காப்பகத்துல. எனக்கு தீபாவளி போனஸ் 19,000 வந்துச்சு, ஆயிரம் போட்டு கைமாத்த குடுத்துட்டேன். அவன் "இப்ப என்ன அவசரம்"னான், ஆனா எண்ணிப் பாத்துதான் பாக்கெட்ல வெச்சான்.

இப்ப வீட்ல காதுகுத்து பேச்சு. எங்கம்மா அப்பா காலத்து மொய் நோட்ட எடுத்துட்டு வந்து உக்காந்துட்டாங்க. 2011-ல இருந்து எழுதுனது, ஊருக்கெல்லாம் செஞ்சது 83,000. "மண்டபம் புடிச்சு செஞ்சா அத்தனையும் திரும்பி வரும் கண்ணு, வட்டியில்லாத காசு, நகைய திருப்பிரலாம்." கேக்கறப்ப நல்லாத்தான் இருக்கு. நான் பேப்பர எடுத்துப் போட்டேன். மண்டபம், சமையல், பந்தல், ஃபோட்டோ, பத்திரிகைன்னு தொண்ணூறாயிரத்துல நிக்குது. வர்றது எழுபது வந்தா அதிகம். அதுவும் செஞ்சவங்க ஐநூறு ஆயிரம் சேத்துதான் வைப்பாங்க, அத அவங்க வீட்டு விசேஷத்துக்கு நாம இன்னும் சேத்து வைக்கணும். அதுக்குப் பேரு வட்டி இல்லாம வேற என்ன. அம்மா நோட்ட மூடிட்டு "உங்கப்பா செஞ்சதெல்லாம் தண்ணில போட்டதா"ன்னு கேட்டாங்க. அதுக்கு எங்கிட்ட கணக்கு இல்ல.

நவம்பர் 17, ஞாயிறு

கார்த்திகை ரெண்டு. குலதெய்வக் கோயில்ல பொங்க வெச்சு மொட்டையும் காதுகுத்தும் முடிஞ்சுது, நாப்பது பேரு, மண்டபம் இல்ல. எங்கம்மா வர்றவங்ககிட்டயெல்லாம் "சும்மா வீட்டு மட்டுக்குத்தான்"னு தலைய குனிஞ்சுகிட்டே சொன்னாங்க, அது எனக்கு கஷ்டமாத்தான் இருந்துச்சு. மச்சான் மடில உக்காந்து மொட்டைக்கு சிரிச்சவ ஆசாரி கம்பிய எடுத்ததும் கத்துனா பாருங்க. மொய் நோட்ட இந்தத் தடவ எடுக்கல, குடுத்தவங்க கவர மட்டும் அம்மா பேர் சொல்லி சொல்லி வாங்கி வெச்சுகிட்டாங்க, மனசுலயே எழுதிகிட்டாங்கன்னு தெரியும்.

சாயங்காலம் எல்லாரும் கெளம்புனப்பறம் அம்மிச்சி, அதான் அவங்கம்மா, பாத்திரம் கழுவிட்டு இருக்கறப்ப அவங்களுக்கு ஃபோன். நாளைக்கு காலைல வாரக் கடன் குழுக்காரங்க வருவாங்களாம், யாராச்சும் கட்டிருங்கன்னு மெதுவா சொல்லிட்டு இருந்தாங்க. நான் விடல, கேட்டுட்டேன். பாப்பாவ பாக்க மொத மொத வந்தப்ப கொண்டாந்த அரைப்பவுன் மோதிரம், வெள்ளி அரைஞாண், கொலுசு, எல்லாம் வாரக் குழுல எடுத்த முப்பதாயிரத்துல. "மாப்ள வீட்டுக்கு வெறுங்கையோட வர முடியுங்களா"ன்னு சிரிச்சாங்க. அரைப்பவுன் பத்தாதுன்னு எங்க சொந்தத்துல ஒருத்தர் அன்னைக்கு பேசுனது வேற ஞாபகத்துக்கு வருது.

அவளுக்கும் இது இன்னைக்குத்தான் தெரியும். கார்டு பில்ல பாத்தப்ப இருந்த அதே மூஞ்சி. ஊசி அட்டையையும் பென்சிலையும் எடுத்துட்டு வந்து எங்கிட்ட நீட்டுனா.

அம்மிச்சி குழு லோன், வாரம் 650, இன்னும் 27 வாரம், 17,550. நாளைக்கு கட்டற வாரத்துல இருந்து பாதி நாங்க.