ஒருநாள் மலைநடையும் பலநாள் பயணமும்

இலங்கையின் சிவனொளிபாதமலைக்கு அடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து நள்ளிரவில் ஏறத் தொடங்கி, விடியலை உச்சியில் கண்டு, மதியத்திற்குள் அடிவாரம் திரும்பியதை நான் நெடுங்காலம் டிரெக்கிங் என்றே சொல்லி வந்தேன். 2,243 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் படிகள் முழங்காலைச் சோதிப்பவைதாம். ஆயினும் தோளில் ஒரு சிறு பையும் தண்ணீரும் போதும், அன்றிரவே படுக்கைக்குத் திரும்பிவிடலாம் என்பதால் அது ஒருநாள் மலைநடையான ஹைக்கிங்தான்; டிரெக்கிங் என்பது பலநாள் பயணம்.

நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாமை நோக்கி நடந்தபோதே வேறுபாடு எனக்கு விளங்கியது. லுக்லா என்ற ஊரிலிருந்து 5,364 மீட்டர் உயரத்திலுள்ள அம்முகாமை அடைய ஏறத்தாழ எட்டு நாட்கள் ஆகின்றன. வழியில் நாம்சே பஜாரிலும் டிங்போசேயிலும் கூடுதலாக ஓரிரவு தங்குவது வெறும் ஓய்வுக்காக அன்று, காற்றழுத்தம் குறைந்து பிராணவாயு அரிதாகும்போது உடல் அதற்குப் பழக வேண்டும் என்பதற்காகவே. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது மருத்துவர்கள் வழங்கும் பொதுவான அறிவுரை. உயரத்தால் வரும் நோயின் அறிகுறியான தலைவலியை மறைத்துக்கொண்டு மேலே ஏறுவதை வீரம் என்று கருத என்னால் இயலவில்லை.

தென்னாப்பிரிக்காவில் மாட்டுவண்டிகளில் குடிபெயர்ந்தோரின் நெடும்பயணத்தைக் குறித்த ஆப்பிரிக்கான்ஸ் சொல்லே டிரெக்கிங் என்பதன் வேரான டிரெக் என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். எவரெஸ்ட் வழியிலும் அது பலநாள் பயணமாதலால், மறுநாள் நடைக்கும் கால்கள் வேண்டும் என்ற கவனத்தோடுதான் ஒவ்வொரு மாலையும் நான் விடுதிக்குள் நுழைந்தேன்.