ஹெட்டை யாரிடம் கொடுப்பது?

கொழும்பில் வாகனச் சாமான் தேடுவது பெரிய காரியமில்லை. பஞ்சிகாவத்தையில் இறங்கி நாலு கடை ஏறினால் போதும். புதுசு, பழசு, ஜப்பானில் கழற்றி வந்தது எல்லாம் கிடைக்கும். தன்னிடம் இல்லாவிட்டால் கடைக்காரரே பையனை அடுத்த கடைக்கு ஓடவிட்டு எடுத்துத் தருவார். ஆனால் கழற்றிய சிலிண்டர் ஹெட்டை, அதாவது என்ஜின் பிளாக்கின் மேல் பூட்டுகிற, வால்வுகள் இருக்கும் பாகத்தை, கையில் வைத்துக்கொண்டு, “இதை யாரிடம் நம்பிக் கொடுக்கலாம்?” என்று கேட்டால் அதே வீதியில் ஆளுக்கொரு பதில் வரும்.

ஒரு விநியோக நிறுவனத்தின் வாகனங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரும்பாலும் டீசல் வான்கள். கிராண்ட்பாஸில் உள்ள களஞ்சியத்திலிருந்து கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போகும். சில வேளை ஏ9 பிடித்து யாழ்ப்பாணம் வரைக்கும். சுமையோடு கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது சூட்டு முள் மேலே போகும். “இன்னும் கொஞ்சத் தூரம்தானே” என்று சாரதி மிதிப்பார். மாவனல்லையிலோ பேராதனையிலோ நின்றுகொண்டு எனக்குத் தொலைபேசி எடுப்பார். ரேடியேற்றரில் தண்ணீர் இல்லை, ஒயில் வெளுத்துக் கலங்கியிருக்கிறது என்றால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் ரூபாய் சரிந்து, 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360ஐயும் தாண்டியது. தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது 2025 தொடக்கத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் புது வான் என்ற பேச்சை எடுத்தாலே எங்கள் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார். இருந்த மிற்சுபிஷி எல்300 வான்களையே ஓட்டியாக வேண்டும். அதுவரை மெக்கானிக் ஹெட்டைக் கொண்டுபோவார், பில் வரும், நான் கையெழுத்து வைப்பேன். பிறகு நானே ஹெட்டைத் தூக்கிக்கொண்டு, அதைச் சீவி நேராக்கித் தரும் லேத் கடைகளுக்குப் போகத் தொடங்கினேன்.

மெக்கானிக்கைக் கேட்டால் ஒரு கடையைச் சொல்வார்தான். அந்தக் கடை அவருக்கு ஏதாவது கொடுக்கிறதா என்பது வேறு கேள்வி. கமிஷன் வாங்குகிற எல்லோரும் கெட்ட வேலைக்கு அனுப்புகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல கடைக்கும் கமிஷன் இருக்கிறது. ஆனால் ஹெட் திரும்பப் பழுதாகி வரும்போது, கமிஷன் வாங்கியவர் அந்தக் கடைக்காரரிடம் வாய் திறக்க மாட்டார். நட்டம் எங்கள் தலையில் விடியும்.

பெயின்ற் வேலை கெட்டால் வெயிலில் நிறுத்திப் பார்த்துச் சண்டை பிடிக்கலாம். ஹெட் வேலை அப்படியில்லை. பூட்டி இறுக்கிவிட்டால் உள்ளே என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்300இல் இருக்கும் 4டி56 என்ஜினுக்கு பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அரை மீற்றர் நீளமான அலுமினியத் துண்டு 80 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீற்றர் நீளும். இரும்பு அதில் பாதிதான். அளவான சூட்டில் கேஸ்கட் இந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும். சூடு எல்லை மீறினால், போல்ட்டுகள் பிடித்து வைத்திருக்கிற ஹெட் போக இடமில்லாமல் வளைந்துவிடும். எவ்வளவு வளைந்தால் பிழை? பல பெற்றோல் என்ஜின்களுக்கு 0.05 மில்லிமீற்றர்தான் எல்லை. தலைமயிரிலும் மெல்லிய இடைவெளி அது. கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கடையில் ஹெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, “பின்னேரம் வாங்க, ஃபேஸ் பண்ணி வைக்கிறம்” என்றார்கள். ஹெட்டின் அடிமுகத்தைச் சீவி நேராக்குவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். பின்னேரம் போனபோது கண்ணாடிபோல் மினுங்கியது. எமரிப் பட்டியில் தேய்த்தாலும் ஹெட் மினுங்கும். ஆனால் ஓரங்கள் கூடத் தேய்ந்து, நடு மேடாக நின்றுவிடும். டெஸ்ட் பண்ணியாச்சா என்று கேட்டேன். ஓம் என்றார்கள். எப்படி என்று கேட்டால், காற்றும் புகையும் போய்வரும் போர்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்களாம், ஒரு சொட்டும் இறங்கவில்லையாம். அது வால்வ் சீட்டில் ஒழுங்காக உட்காருகிறதா என்று பார்க்கிற வழி. தண்ணீர் ஓடும் அறையில் வெடிப்பு இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஹெட்டைப் பூட்டிய வான் கொஞ்ச நாளில் ரேடியேற்றரில் குமிழி விடத் தொடங்கியது. கடைக்காரரிடம் போனால், கேஸ்கட் கள்ளச் சாமான் என்றார். கேஸ்கட் விற்றவரிடம் போனால், ஹெட் வேலை சரியில்லை என்றார். இரண்டு பேரும் சத்தமாகத்தான் பேசினார்கள்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கும் பட்டறையை எனக்குக் காட்டியது ஒரு லொறிச் சாரதி. வெளியே பெயர்ப்பலகை இல்லை. உள்ளே சுவரில் இரும்புத் தகடுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் வேறு வேறு துளைகள், பக்கத்தில் சோக்கால் என்ஜின் பெயர். ஹெட்டின் தண்ணீர் வழிகளை றப்பர் வைத்து அடைத்துப் பூட்டுவதற்கான தகடுகள் அவை. அப்படி அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, சுடுதண்ணீர்த் தொட்டியில் இறக்கினால் வெடிப்பிலிருந்து குமிழி வரும். தண்ணீர் சூடாக இருக்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த ஹெட்டில் மயிரிழை வெடிப்பு தன்பாட்டில் மூடிக்கொள்ளும். இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் நான் முதலில் மெஷினைப் பார்ப்பதில்லை. இந்தத் தகடுகளையும் தொட்டியையும்தான் தேடுவேன். தொட்டி காய்ந்து கிடந்து, அதற்குள் பழைய பற்றரி அடுக்கியிருந்தால் திரும்பி வந்துவிடலாம்.

பட்டறை ஐயாவுக்கு எழுபது வயது இருக்கும். ஹெட்டை வாங்கியதும் விலை சொல்லவில்லை. “ஏன் சூடேறினது?” என்று கேட்டார். ரேடியேற்றர் அடைத்திருந்தது என்றேன். “அத முதல்ல செய்யுங்க தம்பி. இல்லாட்டி திரும்பவும் என்னட்டத்தான் வருவீங்க. எனக்குக் காசு, உங்களுக்கு நட்டம்.” பிறகு ஹெட்டைக் கழுவி, ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்கிற நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாட்டில், குறுக்கே, மூலைக்கு மூலை என்று வைத்து, ஒவ்வொரு இடத்திலும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். அளவைப் பில் துண்டின் பின்பக்கத்தில் எழுதினார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை வேறு எந்தக் கடையிலும் நான் பார்த்திருக்கவில்லை. ஹெட்டை நிமிர்த்தி, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை அதன் இடத்தில் வைத்து, மூடிகளைப் பூட்டி, கையால் சுற்றிப் பார்த்தார். இறுகியது. “கீழ்ப்பக்கத்த வெட்டி நேராக்கிறது லேசு. மேல கேம் ஓடுற பாதையும் சேர்ந்தெல்லோ வளைஞ்சிருக்கு? அத ஆர் பாக்கிறது?” என்றார். கேம் ஹெட்டிலேயே ஓடும் என்ஜின்களில் அடியை மட்டும் சீவிக் கொடுத்தால் கேஸ்கட் பிடிக்கும், வான் ஓடும், ஆனால் கேம் இறுக்கத்தோடு சுற்றித் தாங்கிகளைத் தின்னும். சூடாக்கி அழுத்தி நிமிர்த்திவிட்டு, அதன் பிறகுதான் முகம் வெட்ட வேண்டும். பாதை அப்போதும் நேராகாவிட்டால் ஒரே கோட்டில் துளைக்க வேண்டும். அது செலவு பிடித்த வேலை.

எங்கள் ஹெட்டுக்கு அதுவும் சரிவராது என்றார். உயரத்தை அளந்து, கையேட்டில் இருக்கும் புது ஹெட்டின் உயரத்தோடு ஒப்பிட்டார். முன்பே யாரோ வெட்டியிருந்தார்கள். 4டி56க்கு ஹெட்டும் பிளாக்கும் சேர்த்து 0.2 மில்லிமீற்றருக்கு மேல் எடுக்கக் கூடாது. அதைத் தாண்டி வெட்டினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் இருக்க வேண்டிய வெளி குறையும். “இத நான் வெட்ட மாட்டன். வேற ஆக்கள் வெட்டித் தருவினம், அது உங்கட விருப்பம்.” அளந்ததற்கு மட்டும் ஒரு சிறு தொகை வாங்கினார். அந்தத் தொகைக்கு எங்கள் கணக்காளர் அரை மணித்தியாலம் விளக்கம் கேட்டார். வேலை செய்யாத கடைக்கு ஏன் காசு என்பது அவருடைய நியாயம்.

பிறகு பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்கார நானாவிடம் பாவித்த ஹெட் எடுத்தேன். டெஸ்டில் பிழை தெரிந்தால் திருப்பி எடுக்க வேண்டும் என்று பேசினேன். “நம்ம சாமான்ல அப்பிடி ஒண்ணும் வராது தம்பி” என்றார். அது பதிலில்லை என்பதால் பில்லில் எழுதச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். ஐயாவின் தொட்டியில் இறக்கியபோது இரண்டு வால்வ் சீட்டுகளுக்கு நடுவிலிருந்து மெல்லிய குமிழிச் சரம் எழும்பியது. வீடியோ எடுத்துக்கொண்டு போனேன். நானா பார்த்தார், பையனைக் கூப்பிட்டார், வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அது தேறியது. வெடித்ததை ஆர்கன் வெல்டிங்கில் ஒட்டலாமே என்று மெக்கானிக் சொன்னார். ஒட்டலாம். ஆனால் சீட்டைக் கழற்றி, முழு ஹெட்டையும் மெதுவாகச் சூடாக்கி, வெடிப்பை அடிவரை தோண்டி ஒட்டி, புதுச் சீட் போட்டு, திரும்ப முகம் வெட்ட வேண்டும். மேலால் ஒரு கோடு இழுத்துக் கொடுப்பதற்குப் பெயரும் வெல்டிங் என்றுதான் சொல்கிறார்கள்.

லேத் கடைகளுக்காக ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டும். திரும்பி வரும் ஹெட்டுகளில் பாதிப் பழி அவர்களுடையதில்லை. எங்கள் ஊரில் சூடு என்றால், சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தேமோஸ்டட்டை முதலில் கழற்றி எறிவார்கள், வெப்ப நாட்டுக்கு அது தேவையில்லையாம். சில என்ஜின்களில் அதுதான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. இல்லாவிட்டால் சுடுதண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமலே உள்ளுக்குள் சுற்றும். கூலண்ட் விலை என்று பைப் தண்ணீர் ஊற்றுவார்கள், அலுமினியம் அரித்துப்போகும். ஹெட்டைச் சூட்டோடு கழற்றுவார்கள், போல்ட் துளைக்குள் ஒயில் கிடக்க இறுக்குவார்கள், புதிதாகப் போட வேண்டிய போல்ட்டைப் பழசாகவே போடுவார்கள். இத்தனையும் செய்துவிட்டு லேத்காரனைத் திட்டுவார்கள்.

ஐயா இப்போது பட்டறைக்கு ஒழுங்காக வருவதில்லை, கண் பார்வை குறைந்துவிட்டது. போன மாதம் ஒரு ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வெல்லம்பிட்டிப் பக்கம் புதிதாகத் திறந்த கடைக்குப் போனேன். குளிரூட்டிய அலுவலகம், கணினி மெஷின், சுவரில் சான்றிதழ். எனக்கு இவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. ஹெட்டின் மூலையில் எங்கள் இலக்கத்தைப் பஞ்ச் அடித்து, கராஜிலேயே அளந்த கணக்கையும் பிளாக் முகத்தின் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அங்கிருந்த பெடியன் தாளை வாங்கி மரியாதையாகப் படித்தான். பிளாக்கின் கணக்கைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டான். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டு, “குறை நினைக்காதீங்க அண்ணன், ஹெட்ட நானும் ஒருக்கா அளந்து பாக்கிறன்” என்று சொல்லி ஸ்ட்ரெயிட் எட்ஜை எடுத்துத் துடைத்தான். தொட்டி எங்கே என்று கேட்டேன். பின்னால் இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனான். தண்ணீர் சூடாகத்தான் இருந்தது. விலையை அதற்குப் பிறகுதான் பேசினோம்.