நிச்சயமாகவா?

பழைய நூல்கள் நிறைந்த பெட்டியை எங்களிடம் விற்க வந்தவர், அதிலிருந்த ஓர் இதழைக் காட்டி “இது முதல் அச்சுதானே?” என்றபோது, ‘இல்லை’ என்றதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் “நிச்சயமாகவா?” என்று கேட்டார். நான் “நிச்சயமாக” என்றேன். அந்த இரண்டாவது சொல்தான் இன்னும் உறுத்துகிறது.

பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் 1960களின் பிரிட்டிஷ் விமான, ரயில் சிறுநூல்கள். போர் விமானங்களைப் பற்றிய மெல்லிய இதழ் ஒன்றை மட்டும் தனியே எடுத்து, அது வெளிவந்த உடனேயே தன் அப்பா வாங்கியது என்றார். இதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். விற்க வருகிற எல்லாருடைய அப்பாவும் வெளிவந்த உடனேயே வாங்கியவர்தான்.

நான் இதழைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தேன். இந்த வகை வெளியீடுகளில் ‘மறு அச்சு’ என்று எங்கும் போடாமலே மீண்டும் அச்சடித்துவிடுவார்கள். காட்டிக்கொடுப்பது வரிசைப் பட்டியல், அதாவது அதே வரிசையின் இதழ்களை எண்ணோடு அடுக்கிய பட்டியல். 20ஆம் எண் இதழின் பின்னட்டையில் 45 வரை பட்டியல் இருந்தால் கதை முடிந்தது. விலை ஷில்லிங்கில் இருந்தது. அதனால் 1971 பிப்ரவரி 15க்கு, அதாவது பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியதற்கு, முந்தைய அச்சு என்று மட்டும் தெரியும். எத்தனையாவது அச்சு என்பதை விலை சொல்லாது. பதிப்பாளர் முகவரியும் உதவும். விமானங்களைப் பற்றி மெல்லிய இதழ்கள் வெளியிட்ட ப்ரொஃபைல் என்ற பிரிட்டிஷ் பதிப்பகத்தின் வெளியீடுகளில் லெதர்ஹெட் முகவரி முந்தியது, விண்ட்சர் பிந்தியது. ஆனால் எல்லாப் பதிப்பாளரும் நம் வசதிக்காக வீடு மாறுவதில்லை.

அவருடைய இதழின் பட்டியல் அதன் எண்ணைத் தாண்டி நெடுந்தூரம் போயிருந்தது. அதனால்தான் அந்த ‘நிச்சயமாக’.

நான் செய்தது தவறில்லை என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். 1941இல் பிரிட்டிஷ் விமானத் துறை அமைச்சகம் வெளியிட்ட ‘பிரிட்டன் போர்’ சிறுநூல் முதலில் படங்களே இல்லாமல் மூன்று பென்சுக்கு வந்தது. படங்களோடு ஆறு பென்ஸ் பதிப்பு பிறகுதான். படம் உள்ளதைக் கொண்டுவந்து முதல் அச்சு என்று சாதிக்கிறவர்களிடம் எத்தனை முறை இதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறேன்! ஆசையிலிருந்து அச்சைப் பிரித்துச் சொல்வதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

பெட்டியை மொத்தமாக நாங்களே வாங்கினோம். அந்த இதழுக்கென்று தனி விலை போடவில்லை. சில வாரங்களில் அதுவும் விற்றுப்போயிற்று.

பிறகு வேறொரு வரிசையைப் பட்டியலிடும்போது, பின்னட்டைப் பட்டியலில் எண்களின் நடுவே சிறிய எழுத்தில் ‘தயாரிப்பில்’ என்ற தலைப்பைக் கண்டேன். பட்டியல் நீள்வது மறு அச்சால் மட்டுமல்ல, இனி வரப்போகிறவற்றையும் முன்கூட்டியே போட்டுவிடும் பதிப்பாளரின் நம்பிக்கையாலும்தான். இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது. அன்று அவருடைய பட்டியலில் அப்படி ஒரு தலைப்பு இருந்ததா? கடைசி எண்ணை மட்டும்தான் பார்த்தேன்.

இப்போது ‘மறு அச்சாக இருக்கலாம்’ என்று எழுதுகிறேன். மூத்த சகா ஒருவர் இதை நேர்மை என்று பாராட்டினார். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. ‘இருக்கலாம்’ என்பதும் விலையைக் குறைக்கத்தான் செய்கிறது. என்மேல் பழி வராமல் குறைக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இதழைத் திருப்பித் தந்தபோது அவர் அட்டையைத் திறந்து, “அப்பா தேதி எழுதி வைத்திருக்கிறார் பாருங்கள்” என்றார். “பென்சில் எழுத்து அச்சுக்குச் சாட்சி ஆகாது” என்றேன். பொதுவாக அது சரியும்கூட, யாரும் எப்போதும் எழுதலாம். ஆனால் அந்த எண் வெளிவந்த மாதத்தோடு தேதி ஒத்துப்போயிருந்தால், பட்டியலை நான் இரண்டாம் முறை படித்திருப்பேன். சாய்ந்த கையெழுத்தில் கடைசியில் 66 என்றிருந்தது நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் மாதமும் இருந்தது. அதை நான் படிக்கவில்லை.